மூன்றாவது பொட்டலம்

எங்கள் வீட்டில் எதிர்காலம் இரண்டு பொட்டலங்களில் வரும். ஒன்றில் வெள்ளை அரளி, ஒன்றில் சிவப்பு அரளி. இரண்டையும் மந்தாரை இலையில் ஒரே மாதிரி மடித்து, ஒரே நூலால் கட்டி, மலைமேல் குருக்களிடம் கொடுப்போம். அவர் தட்டில் வைத்து சாமி காலடிக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருவார். பக்கத்தில் நிற்கும் ஏதாவது ஒரு குழந்தையைக் கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொல்வோம். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் இல்லை. மல்லியும் சாமந்தியும் ஆகாது, வாசனை காட்டிக்கொடுத்துவிடும் என்பாள் அம்மா. வேலைக்கு ஆள் வைப்பதிலிருந்து பெண் கொடுப்பது வரை எங்களுக்கு இப்படித்தான் முடிவாகும்.

இதைக் கிண்டல் செய்வதற்காக நான் எழுத உட்காரவில்லை. பின்னாளில் மெட்ராஸில், ஊர்களுக்குத் திட்டம் போடும் அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்தேன். வருங்காலத்தைப் பார்க்கும் முறைகள் என்று எங்களுக்கு வகுப்பு நடத்தினார்கள். இப்படியும் நடக்கலாம், அப்படியும் நடக்கலாம் என்று பலகையில் கிளை கிளையாகக் கோடு இழுத்து, ஒவ்வொன்றுக்கும் வாயில் நுழையாத ஒரு பெயர் சொன்னார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் வேகவேகமாக எழுதிக்கொண்டார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்த அம்மாவுக்குத் திமிர் என்றார்கள். திமிர்தான். அந்தப் பாடத்தை நான் திருத்தணி மலைப்படியில் சண்டை போட்டுக் கற்றவள்.

முதலில் தறியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் அம்மையார்குப்பத்திலிருந்து மலையடிவாரத் தெருவுக்குக் குடிவந்த புதிது. என் அப்பாவை நாங்கள் நைனா என்போம், ஆந்திர எல்லைப் பக்கத்து வீடுகளில் பாதிப் பேச்சு அப்படித்தான். நைனாவுக்குக் கைத்தறியை விட்டு விசைத்தறி போட ஆசை. வழக்கம்போல் பூ கேட்டார். ஆடிக்கு முன்னால் வாங்குவதற்கு வெள்ளை, ஆடி கழித்து வாங்குவதற்குச் சிவப்பு. வெள்ளை வந்தது. தறி வந்து இறங்கியது, சந்தனம் குங்குமம் வைத்து, தெருவுக்கெல்லாம் சுண்டல் கொடுத்தோம். அந்த வருஷம் மழை பொய்த்தது. அணைகளில் தண்ணீர் இல்லை என்று கரண்டை நிறுத்தினார்கள். நாளில் பாதி நேரம் தறி ஊமையாக நின்றது.

நைனா அந்தத் தறிக்குப் பக்கத்திலேயே துண்டை விரித்துப் படுத்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். "முருகன் சொல்லித்தானே வாங்கினேன்" என்பார், யாரிடம் என்று இல்லாமல். ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை.

"எப்ப வாங்கறதுன்னுதானே கேட்டீங்க, அத அவர் சொன்னாரு. கரண்டைப் பத்தி நீங்க கேக்கவே இல்லியே நைனா."

அடி விழும் என்று எதிர்பார்த்தேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார், பிறகு மறுபடி விட்டத்தைப் பார்த்தார். எனக்கு அன்றிலிருந்து சாமிமேல் எந்தக் குறையும் இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்கிறார். எங்கள் ஆட்களுக்குத்தான் கேட்கத் தெரியவில்லை என்று தீர்மானித்துக்கொண்டேன்.

அடுத்தது, உயர்நிலைப் பள்ளிக்கூடத்துக் கூடத்தில் நடந்த கூட்டம். மெட்ராஸிலிருந்து ஜீப்பில் ஒரு அதிகாரி வந்தார். ஊர்ப் பெரியவர்கள், நெசவாளர்கள், பஸ் ஸ்டாண்டு பக்கம் பட்டறை வைத்திருந்த பாய்கள், எல்லாரையும் வரச் சொல்லியிருந்தார்கள். நான் கடவுள் வாழ்த்துப் பாட நிறுத்தப்பட்ட மாணவிகளில் ஒருத்தி. பாடி முடித்ததும் போய்விடலாம் என்றார்கள். நான் போகவில்லை.

அதிகாரி எல்லாரையும் கண்ணை மூடச் சொன்னார். இருபது வருஷம் கழித்து இந்த ஊர் எப்படி இருக்க வேண்டும், பார்த்துச் சொல்லுங்கள் என்றார். முன்வரிசையில் ஒருவர் எழுந்தார்.

"அப்ப நம்ம ஊரு எந்த ஸ்டேட்ல இருக்கும் சார்? அத மொதல்ல சொல்லிடுங்க."

கூடமே சிரித்தது. எங்கள் சிரிப்பு அவருக்குப் புரிந்திருக்காது. எனக்குப் பத்து வயது ஆவதற்குள் எங்கள் ஊர், இருந்த இடத்திலிருந்து ஒரு அடி நகராமலே ஆந்திராவுக்குப் போய்த் திரும்பி வந்திருந்தது. அதற்கு யாரும் எங்களிடம் பூ கட்டிக் கேட்கவில்லை.

பிறகு ஒவ்வொருவராகச் சொன்னார்கள். நூல் தட்டுப்பாடு இல்லாமல் கிடைக்க வேண்டும். ரோடு அகலமாக வேண்டும். கிருத்திகைக்கு இன்னும் நிறைய பஸ் விட வேண்டும். யாருடைய இருபது வருஷமும் நாளைக் காலையைத் தாண்டவில்லை. இன்றைக்கு இருப்பதற்கே வெள்ளையடித்து அதை எதிர்காலம் என்றார்கள். நான் பின்னாலிருந்து கையைத் தூக்கினேன்.

"பஸ் ஸ்டாண்டுல பொம்பளைங்களுக்கு ஒரு கக்கூஸ் வேணும் சார்."

சிரித்தார்கள். பள்ளிக்கூடத்து ஆசிரியர் என்னை முறைத்தார். அதிகாரி மட்டும் பெருந்தன்மையாகப் புன்னகை செய்து, "அது இருபது வருஷத்துக்கான விஷயம் இல்லையேம்மா, இப்போதே செய்ய வேண்டியது" என்று சொல்லி அடுத்தவரைக் கூப்பிட்டார். எழுதிக்கொள்ளவில்லை. இப்போதே செய்ய வேண்டியதை யாரும் இப்போது செய்யாததால்தானே அப்போதைக்காவது கேட்டேன் என்று எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

ஆனால் கிளம்பும் முன் அவர் ஒன்று சொன்னார். "எல்லாரும் இன்றைய நாளில் நின்றுகொண்டு நாளையைப் பார்க்கிறீர்கள். அந்த நாளில் போய் நின்றுகொண்டு அங்கிருந்து பின்னோக்கி இன்றைக்கு நடந்து வாருங்கள். வழி தெரியும்." சொல்லிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கூட்டத்தில் யாரும் அதைக் காதில் வாங்கவில்லை, வடைத் தட்டு வந்துவிட்டது. நான் வாங்கிக்கொண்டேன்.

இரண்டு மூன்று வருஷம் போனது. நான் பி.யு.சி. தேறினேன். மெட்ராஸில் ஒரு பெண்கள் கல்லூரியில் கணக்குப் பாடத்தில் இடம் கிடைத்தது, ஹாஸ்டலும் உண்டு. வருகிற திங்கட்கிழமை நைனா நேரில் வந்து கையெழுத்துப் போட்டுச் சேர்க்க வேண்டும், தவறினால் அந்த இடம் வேறு பெண்ணுக்குப் போய்விடும். எனக்குச் சோறு இறங்கவில்லை. சந்தோஷம் பாதி, பயம் பாதி.

அந்த வாரமே அம்மையார்குப்பத்திலிருந்து அத்தை வந்து இறங்கினார். நைனாவுக்கு அக்கா, அவர் குரலை உயர்த்தினால் நைனா எழுந்து நின்றுவிடுவார். அத்தையின் மகன்தான் எனக்குப் பாவா. நான் பிறந்ததிலிருந்து எனக்கென்று பேசி வைத்திருந்தவர். நல்ல மனிதர், ஒரு பீடி கிடையாது, தறியும் உண்டு தானும் உண்டு.

"நானு புடிவாதம் புடிக்கல" என்றார் அத்தை. "கனகம்மாசத்திரத்துலேர்ந்து ஒரு எடம் வந்துகீதுன்னு சொன்னியே தம்பி, அதையும் சேத்து சாமியக் கேளு. வெள்ளைன்னா எம்மவன். செவப்புன்னா அந்தப் புள்ள. சாமி எப்பிடிச் சொல்றாரோ அப்பிடி."

நியாயமான பேச்சு என்று நைனா தலையாட்டினார். ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போவது என்று முடிவானது. நான் உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வெள்ளை வந்தாலும் எனக்குக் கல்யாணம், சிவப்பு வந்தாலும் எனக்குக் கல்யாணம். கல்லூரி எந்தப் பொட்டலத்திலும் இல்லை. தறி வாங்கியபோது செய்த அதே காரியத்தை என்னை வைத்துச் செய்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா இலை மடித்துக்கொண்டிருந்தாள். நான் ரயில்வே ஸ்டேஷன் வேலியோரம் போய் மஞ்சள் அரளி பறித்துக்கொண்டு வந்து அவள் முன்னால் வைத்தேன்.

"இது எதுக்குடி?"

"காலேஜுக்கு."

அம்மா வாசற்பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். அத்தை குளிக்கப் போயிருந்தார். அம்மா இன்னொரு இலையை எடுத்து, மற்ற இரண்டைப் போலவே அளவாக மடித்துக் கட்டினாள். அவளுக்கு என்ன தோன்றியது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கட்டினாள், அது போதும்.

மலைமேல் நைனா, அத்தை, பாவா, நான். அம்மா வரவில்லை. குருக்கள் தட்டை நீட்டினார். அத்தை இரண்டு பொட்டலங்களை வைத்தார். நான் மூன்றாவதை வைத்தேன்.

"மூணா? ரெண்டுதானேம்மா வழக்கம்" என்றார் குருக்கள்.

"வழி மூணு இருக்குது சாமி. ரெண்டை மட்டும் கேட்டா மூணாவது இல்லேன்னு ஆயிடுமா?"

அத்தைக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் முகம் சிவந்தது. "இன்னாடி பேசினுகீற, சன்னதியில நின்னுகினு? தம்பி, பாத்துனு சும்மா நிக்கிறியே." குருக்கள் நைனாவைப் பார்த்தார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் தட்டிலிருந்து கையை எடுக்கவில்லை. நைனா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வைங்க சாமி" என்றார்.

தட்டு உள்ளே போய்த் திரும்பி வந்தது. புத்தூர்ப் பக்கத்திலிருந்து மொட்டை போட வந்த குடும்பத்தில் ஒரு சின்னப் பெண், தலையில் சந்தனம் காயாமல் நின்றுகொண்டிருந்தது. "ஒகடி தீஸ்கோம்மா" என்று தெலுங்கில் ஒன்றை எடுக்கச் சொல்லி, குருக்கள் அதனிடம் தட்டைத் தாழ்த்தினார். அது ஒன்றை எடுத்து என்னிடமே நீட்டியது. பிரித்தேன். வெள்ளை.

அத்தைக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் கன்னத்தைத் தொட்டு விரலை முத்தமிட்டுக்கொண்டார். அந்தக் கை பாசமான கை, அதையும் சொல்லத்தான் வேண்டும். நான் அந்தக் கையை மெதுவாக எடுத்துவிட்டேன்.

"சாமி சொல்லிட்டாரு அத்தை. நான் இன்னும் சொல்லல."

"சாமிக்கு மேல நீ யாருடி?"

"கட்டிக்கப் போறவ."

நைனா அதற்குமேல் பேசவிடாமல் எங்களைப் படிப்பக்கம் தள்ளிக்கொண்டு வந்தார். எங்கள் மலைக்கு வருஷத்து நாளுக்கொரு படி என்பார்கள். ஏறும்போது எல்லாரும் நாளை எண்ணுவது போல எண்ணிக்கொண்டு போவார்கள், இறங்கும்போது யாரும் எண்ணுவதில்லை. நைனாவுக்கு முட்டி வலி, கொஞ்சம் இறங்கியதுமே ஒரு படியில் உட்கார்ந்தார். எல்லாரும் உட்கார்ந்தோம். அத்தை முந்தானையால் விசிறிக்கொண்டார். நான் பாவாவைக் கேட்டேன்.

"பாவா, இன்னும் பத்து வருஷம் கழிச்சி ஒரு நாள். அந்த நாள் எப்பிடிப் போவும், காலைலேர்ந்து சொல்லுங்க."

அவருக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் சொன்னார். "காலைல எழுந்து தறி ஓட்டுவேன். அதுக்குள்ள நாலு தறி ஆயிருக்கும். மத்தியானம் சாப்ட்டு, ஆர்.கே.பேட்டைக்குப் போயி பாவு நூல் பாத்துனு வருவேன். சாயங்காலம் மோட்டாருக்கு எண்ணெய் வுடணும். ராத்திரி சினிமாவுக்குப் போனாலும் போவேன்."

"அதுல நான் எங்க கீறேன்?"

"ஊட்லதான் இருப்ப."

"இன்னா பண்ணிகினு?"

அவர் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர், அதனால்தான் அவ்வளவு நேரம் யோசித்தார். அத்தை பொறுக்காமல், "ஆங், காபி போட்டுகினு இருப்பா. வேற இன்னா பண்ணுவாங்க?" என்றார். பாவா அத்தையைப் பார்க்காமல் படியைப் பார்த்துச் சொன்னார்: "தெரியலம்மா. நானு யோசிக்கவே இல்ல."

"இப்ப என் நாளைச் சொல்றேன் நைனா" என்றேன். "விடியக்காலம் ரயில்ல மெட்ராஸ் போறேன். ஆபீஸ்ல எனக்குன்னு ஒரு மேசை. அதுமேல ஒரு ஊரோட படம். எங்க தண்ணி வரணும், எங்க பஸ் நிக்கணும், பொம்பளைங்க எங்க ஒதுங்கணும்னு நான் எழுதறேன். சாயங்காலம் அரக்கோணத்துல வண்டி மாறி வரேன். ஸ்டேஷன்ல நீங்க நிக்கறீங்க. ஏன் லேட்டுன்னு கேக்கறீங்க."

"நானு ஏன் ஸ்டேஷனுக்கு வரணும்?"

"இருட்டாயிருக்கும் இல்ல."

"அப்பவும் எனக்கு முட்டி வலி இருக்குமா?"

"இருக்கும்."

"அது ஒண்ணுதான் சரியா சொல்ற" என்று எழுந்தார். ஒரு கையை என் தோளில் வைத்துக்கொண்டு இறங்க ஆரம்பித்தார். கொஞ்ச தூரம் போனதும் கேட்டார்.

"அந்த மேசை எப்பிடிக் கெடைக்கும்?"

"கவர்மென்ட் பரிட்சை எழுதணும்."

இன்னும் சில படிகள். "அதுக்கு முன்னால?"

"டிகிரி வாங்கணும்."

"அதுக்கு முன்னால?"

"ஹாஸ்டல்ல இருந்து படிக்கணும்."

அடிவாரம் தெரிந்தது. செருப்புக் கடைக்காரி எங்களைப் பார்த்துவிட்டு செருப்பை எடுத்து வைக்க ஆரம்பித்தாள்.

"அதுக்கு முன்னால?"

"நாளைக்கு நீங்க என்கூட வந்து கையெழுத்துப் போடணும்."

கடைசிப் படியில் நின்றோம். மேலேயிருந்து அவ்வளவு தூரத்தில் தெரிந்த நாள், பின்னோக்கி நடந்து வந்து பார்த்தால் நாளைக் காலையில் முடிந்தது. அத்தை பின்னாலிருந்து, "தம்பி, இவ பேச்சைக் கேட்டுகினு சாமி வாக்கை மீறாத" என்றார். நைனா திரும்பினார். அக்காவின் குரலுக்கு எழுந்து நிற்கிறவர், அன்றைக்கு ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார்.

"தறி வாங்கறப்ப கரண்டைப் பத்திக் கேக்காம வுட்டேன்கா. இவளப் பத்தி இவளையாவது கேட்டுக்கறேன்."

பிறகு என்னைப் பார்த்து, "காலைல வண்டி எத்தினி மணிக்கு?" என்றார்.

அதன்பிறகு பல வருஷம் அத்தை எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. சாமி வார்த்தையை மீறினவள் என்று தெருவில் எனக்குப் பெயர் வந்தது. ஹாஸ்டலில் எனக்கு மஞ்சள் காமாலை வந்தபோது, பார்த்தீர்களா என்றார்கள். பாவாவுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆனது, நான் போய் மொய் எழுதிவிட்டு வந்தேன், சாப்பிட்டுவிட்டும் வந்தேன். நான் படியில் சொன்ன நாள் அப்படியே வந்ததா என்றால் இல்லை. மேசை வந்தது, அதில் பாதி இன்னொருவருக்கு. எங்கள் ஊரின் படம் என் கைக்கு வந்தபோது முதல் வரியாகப் பெண்களுக்கான கழிப்பறையை எழுதினேன். மேலதிகாரி அதைக் கோடு போட்டு அடித்தார். மறுபடி எழுதினேன், மறுபடி அடித்தார். மூன்றாவது தடவை, அடித்ததற்கான காரணத்தைக் கைப்பட எழுதித் தரச் சொன்னேன். விட்டுவிட்டார். நைனா ஸ்டேஷனுக்கு வந்தார், முட்டி விட்டவரை. ஏன் லேட்டு என்று ஒரு நாளும் கேட்கவில்லை, பையை மட்டும் வாங்கிக்கொள்வார்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அத்தை வந்தார். முடியெல்லாம் வெளுத்திருந்தது. கூட பாவாவின் மகள், கல்யாண வயது. உட்காரச் சொன்னேன், காபி போட்டேன். அத்தை காபியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எடுத்துக் குடித்தார்.

"இவளுக்கு ரெண்டு எடம் வந்துகீது" என்றார். "ஒண்ணு சோளிங்கர், ஒண்ணு அரக்கோணம். மலைக்குப் போயி பூ கேக்கலாம்னு வந்தோம். மூணு பொட்டலமா கட்டிடு. நீ அன்னிக்கு வெச்சியே, அது மாதிரி. இல்லாங்காட்டி பின்னால எங்கள ஏசுவா."

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இத்தனை வருஷம் கழித்து அத்தை வாயால் மூன்று என்று கேட்டேன். ஓடிப்போய் அரளி பறித்தேன், மஞ்சளும் சேர்த்து. மூன்று இலையை மடித்தேன். கட்டிக்கொண்டே அந்தப் பெண்ணுக்கு எந்தக் கல்லூரி, எந்த ஹாஸ்டல், யாரைப் பிடிக்க வேண்டும் என்று மனதுக்குள் அவளுடைய பத்து வருஷத்தையும் போட்டு முடித்துவிட்டேன்.

"உனக்கு இன்னா படிக்கணும், சொல்லு" என்றேன்.

அவள் கொஞ்சம் முழித்தாள். "நானு படிக்கணும்னு சொல்லலியே. எனக்கு சோளிங்கர்காரரைப் புடிச்சிருக்குது. அவங்க பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே புடிச்சிது. ஊட்ல யாரும் கேக்கல."

அத்தை என்னைப் பார்த்தார். நான் கட்டிய பொட்டலங்களைப் பார்த்தேன். மலையேறி, குருக்களிடம் வாதாடி, ஊர்ப் பேச்சு வாங்கி நான் பிடித்தது ஒரு மூன்றாவது பொட்டலம். இவள் இருந்த இடத்திலிருந்தே, பூவே கேட்காமல், மூன்று பொட்டலத்தையும் ஒதுக்கிவிட்டாள். அதில் நான் அவளுக்காகக் கட்டியதும் ஒன்று. கொஞ்சம் வலித்தது. ஆனால் அவள் தலை குனியாமல் சொன்ன விதம் எனக்கு ரொம்பப் பிடித்தது.

"அப்ப கட்டின பூவ இன்னா பண்றது?" என்றார் அத்தை.

"சாமிக்குப் போடுங்க ஆயா" என்றாள் அவள். "பூ அவருக்குத்தானே."